உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க முதலில் வேண்டுவது வரையறையா, வாக்கியமா?

கேட்டவர்: அரசலாற்றங்கரை ஆசிரியர்

பெரியோர்களுக்கு வணக்கம். கும்பகோணத்திற்கும் பாபநாசத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். பலர் வங்கி அதிகாரித் தேர்வுக்கும், வேளாண் அறிவியல் படித்த இரண்டொருவர் வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. தேர்வுக்கும் ஆயத்தமாகிறார்கள். இலக்கணத்தில் அவர்களுக்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை. ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தில் வருகிற கடினமான சொற்களை எதிர்கொள்ளும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

கடைகளில் விற்கும் சொற்பட்டியல்களை வாங்கி, சொல்லையும் அதன் ஒருவரி வரையறையையும் அவர்கள் உருப்போட்டு விடுகிறார்கள். பொருள் கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் வாக்கியம் நிற்பதில்லை. ‘யுபிகுயிட்டஸ்’ என்பதற்கு ‘எங்கும் நிறைந்த’ என்று படித்த ஒரு மாணவர், ‘இறைவன் யுபிகுயிட்டஸ்’ என்று எழுதினார். ‘எக்ஸாசர்பேட்’ என்பதற்கு ‘அதிகப்படுத்து’ என்று படித்த ஒரு மாணவி, நல்ல விதை நெல் விளைச்சலை எக்ஸாசர்பேட் செய்தது என்று எழுதினார். அவர்கள் படித்த வரையறையின்படி பார்த்தால் இரண்டிலும் குறை காண முடியாது. இருந்தும் ஆங்கிலம் நன்கறிந்த எவரும் அந்த இடங்களில் துணுக்குறுவார்.

பாடத்தை எப்படி அமைப்பது என்பதே என் கேள்வி. வரையறையைக் கொடுத்துவிட்டு வாக்கியத்திற்குச் செல்வதா, வாக்கியங்களைக் காட்டிவிட்டு வரையறைக்கு வருவதா? தமிழ்ப் பொருளை எழுத விடலாமா, அல்லது ஆங்கில வரையறையை மட்டுமே வலியுறுத்த வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் தாங்கும்? வகுப்பறை அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.


மறுமொழி: குடந்தைப் பேராசிரியர் (ஓய்வு)

ஐயா, தாங்கள் எடுத்துக்காட்டிய இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. இரண்டும் ஒரே வகைப் பிழைகள் அல்ல என்பதால் அவற்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது.

‘எக்ஸாசர்பேட்’ என்பதன் முழுமையான வரையறை, ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் ஒன்றை மேலும் மோசமாக்குதல் என்பதாகும். பட்டியல் தயாரித்தவர் இடத்தைச் சுருக்குவதற்காக ‘ஏற்கெனவே கெட்ட’ என்ற பகுதியை வெட்டிவிட்டார். அந்தச் சொல்லின் உயிர் வெட்டப்பட்ட பகுதியில்தான் இருந்தது. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாளான ஜூன் 12 கடந்து, குறுவைக்குத் தண்ணீர் வராமல் தவிக்கும் கடைமடை உழவரின் கடன் சுமையை, உரத்தட்டுப்பாடு எக்ஸாசர்பேட் செய்யும். நல்ல விளைச்சலை எதனாலும் எக்ஸாசர்பேட் செய்ய முடியாது. ஆகவே இங்கே குறை வரையறை என்ற முறையில் இல்லை. அரைகுறையான வரையறையில் இருக்கிறது.

‘யுபிகுயிட்டஸ்’ வேறு வகை. அதற்குத் தமிழில் ‘எங்கும் நிறைந்த’ என்று எழுதியவுடன், தேவாரம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இறைவனே வந்து நிற்கிறார். அதில் வியப்பில்லை. ஆனால் இறைவனைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஆம்னிபிரசன்ட்’ என்ற சொல் இருக்கிறது. ‘யுபிகுயிட்டஸ்’ பெரும்பாலும் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் படுகிற உலகியல் பொருள்களுக்கு வருவது: கைப்பேசி, நெகிழிப்பை, தேர்தல் காலச் சுவரொட்டி, கும்பகோணத்துத் தெருக்களில் டிகிரி காபிக் கடைப் பலகை. இந்த வேறுபாட்டை எந்த ஒருவரி வரையறையாலும் சொல்லிவிட முடியாது. நான்கு வாக்கியங்களைப் படித்தால் சொல்லாமலே விளங்கும்.

ஆகவே என் பரிந்துரை, வாக்கியங்கள் முதலில் வரட்டும் என்பதுதான். புதிய சொல் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பொருளைச் சொல்லாதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லோடு அது வருகிறது, நல்லதைப் பேசும் இடத்தில் வருகிறதா கெட்டதைப் பேசும் இடத்தில் வருகிறதா, மனிதரைக் குறிக்கிறதா பொருளைக் குறிக்கிறதா என்று மாணவர்களே ஆராய்ந்து சொல்லட்டும். அதன் பிறகு வரையறையைப் படித்தால், தாங்கள் ஊகித்ததை அதனோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். அப்படித் திருத்திக்கொண்ட பொருள் எளிதில் மறப்பதில்லை.

அகராதிகளின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியின் பெருமை அதன் வரையறைகளால் மட்டும் வந்ததன்று. ஆங்கில எழுத்தாளர்களிடமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் எங்கே எப்படி ஆளப்பட்டது என்று அவர் காட்டினார். அந்த அகராதியின் 1784ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்று நம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள்.

பிற்காலத்தில், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கென்றே அகராதிகள் வந்தன. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே மற்ற எல்லாச் சொற்களையும் வரையறுத்தது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான காலின்ஸ் கோபில்டு இன்னும் ஓரடி முன்னே சென்று, வரையறையையே முழு வாக்கியமாக எழுதியது. ஏதோ ஒன்று ஒரு சிக்கலை எக்ஸாசர்பேட் செய்கிறது என்றால் அது அந்தச் சிக்கலை மேலும் மோசமாக்குகிறது என்ற பாங்கில் அதன் வரையறைகள் இருக்கும். சொல்லுக்கு வேண்டிய எழுவாயும் செயப்படுபொருளும் வரையறைக்குள்ளேயே வந்துவிடுவதால், ‘விளைச்சலை எக்ஸாசர்பேட் செய்தது’ என்று எழுத மாணவருக்குக் கை வராது. ஒரே ஓர் அகராதிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தங்கள் வேளாண் மாணவர்களுக்கு உடனே பயன்படும் என்பதால் மூன்று சொற்களை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’, ‘அமீலியரேட்’ ஆகிய மூன்றுக்கும் பட்டியல்களில் ‘தணித்தல்’, ‘குறைத்தல்’, ‘மேம்படுத்துதல்’ என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். வாக்கியங்களைத் திரட்டிப் பாருங்கள். ‘மிட்டிகேட்’ பெரும்பாலும் வரப்போகிற தீங்கின் கடுமையோடு, அதாவது ஆபத்து, இழப்பு, பாதிப்பு ஆகியவற்றோடு வரும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வடிகால்களைத் தூர்வாரினால் சம்பாப் பயிர் மூழ்கும் ஆபத்து மிட்டிகேட் ஆகும். ‘அலீவியேட்’ என்பது வலி, துன்பம், வறுமை என ஒருவர் பட்டுக்கொண்டிருக்கிற ஒன்றை ஆற்றுவது: 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைச் சூறையாடிய பிறகு வந்த உதவிகள் மக்களின் துயரை அலீவியேட் செய்தன. ‘அமீலியரேட்’ என்பது கெட்டிருக்கும் ஒரு நிலைமையைச் சீராக்குவது. மண்ணியல் படித்த மாணவருக்கு இது வீட்டுச் சொல். களர் நிலத்தில் ஜிப்சம் இட்டுச் சீர்திருத்துவதை ஆங்கில ஆய்வுக்கட்டுரைகள் இந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. எல்லைகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களும் உண்டு. ஆனாலும் இந்த மூன்றையும் இந்தத் துணைச் சொற்களோடு படித்தவர் எழுத்தில் இடறுவது அரிது.


மறுமொழி: மன்னார்குடி மாணவி

ஐயா, நான் வேளாண் பட்டம் முடித்து ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். பேராசிரியர் ஐயா சொன்னதற்குத் தேர்வின் அமைப்பே ஆதரவாக இருக்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். முன்பு அந்தத் தேர்வில் எதிர்ச்சொல் கேட்பார்கள், சொற்களுக்கிடையே ஒப்புமை கேட்பார்கள். பட்டியலை உருப்போட்டவர்களுக்கு அப்போது அது கைகொடுத்தது. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகை வினாக்களையும் நீக்கிவிட்டார்கள். இப்போது சொல்லறிவைச் சோதிக்கும் வினாக்கள் எல்லாம் வாக்கியத்தின் நடுவே கோடிட்ட இடங்களாகவே வருகின்றன. ஒரு வகையில் ஆறு சொற்கள் கொடுத்து, வாக்கியத்திற்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்.

இதனால் எடுத்துக்காட்டு வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சொல்லை விரலால் மூடிவிட்டு வாக்கியத்தைப் படித்தால், மூடிய இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று ஊகிக்க முடிய வேண்டும். ‘அவர் மெட்டிகுலஸ் ஆனவர்’ என்ற வாக்கியத்தில் எந்தப் பண்பைப் போட்டாலும் பொருந்தும். ஆகவே அது எடுத்துக்காட்டே ஆகாது. சுவாமிமலைச் சிற்பி மெழுகு உருவில் விரல் நகத்தின் கோட்டைக்கூட விட்டுவிடாமல் அளந்து அளந்து செதுக்கும் மெட்டிகுலஸ் கைவேலை என்று எழுதினால், மூடினாலும் பொருள் தெரிகிறது. பட்டியல் நூல்களில் உள்ள வாக்கியங்களில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

தமிழ்ப் பொருளைப் பற்றியும் ஒன்று. கண்ணால் காணும் பொருளின் பெயராக இருந்தால் தமிழ்ச் சொல் ஒன்றே போதும். ‘ஸ்லூயிஸ்’ என்றால் மதகு, ‘சில்ட்’ என்றால் வண்டல், ‘எஸ்சுவரி’ என்றால் கழிமுகம். ‘டிரிபியூட்டரி’, ‘டிஸ்டிரிபியூட்டரி’ இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை காவிரியில் வந்து கலப்பதால் முதல் வகை. வெண்ணாறும் அரசலாறும் குடமுருட்டியும் பிரிந்து செல்வதால் இரண்டாம் வகை. டெல்டாப் பிள்ளைகளுக்கு இதற்கு ஆங்கில வரையறையே வேண்டியதில்லை.


மறுமொழி: நாகைத் தமிழன்பர்

பேராசிரியர் ஐயாவின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. என்றாலும் மனப்பாடத்தை இவ்வளவு எளிதாகக் கீழே வைத்துவிட முடியாது என்று கருதுகிறேன். நம் முன்னோர் சொல்லறிவை எப்படிப் பெற்றார்கள்? நிகண்டுகளை நெட்டுருப் போட்டே பெற்றார்கள். தமிழின் பழைய நிகண்டான திவாகரம், பூந்தோட்டத்திற்கு அருகே உள்ள அம்பரில் வாழ்ந்த சேந்தன் என்ற தலைவனின் ஆதரவில் எழுந்தது. அதனாலேயே அது சேந்தன் திவாகரம் எனப்படுகிறது. இந்த மண்ணில் பிறந்த அந்த மரபில் வந்த பிள்ளைகள், ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓசையோடு ஒப்பித்தே பெரும்புலவர்களானார்கள். அங்கே எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவும் இல்லை.

மேலும், தேவைப்படும் சொற்களின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கில நூல்களையும் நாளேடுகளையும் பிறர் துணையின்றிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று பால் நேஷன் என்ற மொழியியல் அறிஞர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒவ்வொரு சொல்லையும் நான்கு வாக்கியங்களில் சந்தித்து, ஊகித்து, விவாதித்துக் கற்பது என்றால் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் காலம் எங்கே இருக்கிறது? மறதி விரைவாகத் தொடங்கிப் பின்னர் மெல்லக் குறைகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே நிறுவினார். ஆகவே இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நினைவுகூர்வதே வழி. அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கி, தெரிந்ததைத் தள்ளியும் தெரியாததை அடுத்தடுத்தும் பார்க்கும் முறையை லைட்னர் 1972இல் விளக்கினார். 2006இல் வந்த ஆங்கி என்னும் செயலி அதையே கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டது. வரையறையை முதலில் மனத்தில் இருத்திவிட்டால், வாக்கியங்கள் படிக்கும்போது தாமாக வந்து சேரும்.


மறுமொழி: குடந்தைப் பேராசிரியர் (ஓய்வு)

அன்பருக்கு வணக்கம். சேந்தனையும் அம்பரையும் நினைவூட்டியதற்கு நன்றி. திரும்பத் திரும்ப நினைவுகூர வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எதை நினைவுகூர்வது என்பதில்தான் வேறுபாடு.

நிகண்டு படித்த பிள்ளை நிகண்டை மட்டும் படிக்கவில்லை. அதே ஆண்டுகளில் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஆசிரியரிடம் பாடம் கேட்டது. நிகண்டில் பெயராகப் படித்த சொல்லைச் செய்யுளில் பயன்பாடாகக் கண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளையின் தாய்மொழி தமிழ். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்ற செவியுணர்வு அதற்கு வீட்டிலேயே வாய்த்திருந்தது. ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போடும் நம் மாணவருக்கு அந்தக் கலம்பகமும் இல்லை, அந்தச் செவியும் இன்னும் வாய்க்கவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியம் அந்த இரண்டின் இடத்தையும் நிரப்ப வருவது.

ஆகவே அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் எழுதுவதை மாற்றுங்கள் என்கிறேன். முன்பக்கத்தில் சொல்லை எழுதாமல், சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடிட்ட வாக்கியத்தை எழுதுங்கள். பின்பக்கத்தில் சொல், அதன் முழு வரையறை, அதோடு வழக்கமாக வரும் இரண்டு துணைச் சொற்கள், தேவையானால் தமிழ்ப் பொருள் ஆகியவை இருக்கட்டும். இப்படிச் செய்தால் அன்பர் சொன்ன இடைவெளிப் பயிற்சியும் நடக்கும், மன்னார்குடி மாணவி சொன்ன விரல் சோதனையும் நடக்கும்.

8000 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தங்கள் மாணவர்கள் பட்டம் பெற்றவர்கள். அடிப்படைச் சொற்கள் பலவும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. உயர்கல்வி எழுத்துக்கு மிகவும் பயன்படும் சொற்களை, நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். எத்துறையாக இருந்தாலும் ஓர் ஆய்வுக்கட்டுரையின் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இவையே நிரப்புகின்றன. முதலில் இவற்றை முழு வாக்கியப் பயிற்சியோடு முடியுங்கள். ஒரு மாலைக்கு ஆறு சொற்கள் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். அவற்றிலும் பாதி முன்பு படித்தவற்றின் மீள்பார்வையாக இருந்தால் நல்லது. அரிய சொற்களைப் பிறகு அன்றாட வாசிப்பில் எதிர்ப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பொருள் பற்றிய கேள்விக்கு மாணவி தந்த விடை மிகச் சரியானது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு சொல் புகழ்கிறதா பழிக்கிறதா என்பதை உணர்த்தத் தமிழ் பெரிதும் கைகொடுக்கும். ‘ஃபுரூகல்’ என்றால் சிக்கனம், ‘பார்சிமோனியஸ்’ என்றால் கஞ்சத்தனம் என்று சொன்னவுடன், ஆங்கிலத்தில் அரைப்பக்கம் விளக்க வேண்டியதை மாணவர் ஒரு கணத்தில் பற்றிக்கொள்வார்.


மறுமொழி: அரசலாற்றங்கரை ஆசிரியர்

ஐயா, தங்களுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த வாரமே கோடிட்ட வாக்கிய அட்டைகளைத் தொடங்கிவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மாணவர்களே எழுதும் வாக்கியங்கள் தவறாக அமைந்து, அந்தத் தவறே மனத்தில் பதிந்துவிடாதா? அடுத்து, ஒரே சொல் நேர்மாறான இரண்டு பொருள்களில் வரும்போது என்ன செய்வது? ‘சாங்ஷன்’ என்ற சொல்லை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்பது அன்றாடப் பேச்சு. அதே சொல் தலையங்கத்தில், ஒரு நாட்டின் மீது விதித்த தடை என்ற பொருளில் வந்தபோது வகுப்பே திகைத்துவிட்டது.


மறுமொழி: குடந்தைப் பேராசிரியர் (ஓய்வு)

முதல் ஐயத்திற்கு எளிய வழி இருக்கிறது. மாணவர் வாக்கியத்தை வெறுமையிலிருந்து எழுத வேண்டாம். அகராதியில் உள்ள நல்ல வாக்கியம் ஒன்றின் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எழுவாயையும் இடத்தையும் மட்டும் மாற்றட்டும். ‘பிரிகேரியஸ்’ என்பதற்கு அகராதி ஒரு சுரங்கத் தொழிலாளியின் நிலையற்ற வாழ்க்கையைக் காட்டினால், மாணவர் அங்கே கடைமடை உழவரை வைக்கலாம். வினையும் துணைச் சொல்லும் அகராதியுடையவை என்பதால் பெரிய தவறு நேர வழியில்லை. சொல்லோ அவரது ஊருக்கு வந்துவிடும். சில வாரங்கள் இப்படிப் பழகிய பிறகு, சட்டகத்தையும் அவர்களே அமைக்கட்டும். அப்போதும் தாங்கள் திருத்திய வடிவத்தை மட்டுமே அட்டையில் ஏற்ற வேண்டும்.

‘சாங்ஷன்’ போன்ற சொற்களை ஒரே அட்டையில் எழுதவே கூடாது. இரண்டு பொருளுக்கும் இரண்டு அட்டைகள், இரண்டு வாக்கியங்கள். திவாகரம் தன் பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கியது. இத்தகைய சொற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பது நம் மரபும் அறிந்ததே. இலத்தீன் வேரில் அந்தச் சொல், சட்டத்தால் உறுதிப்படுத்துவதைக் குறித்தது. சட்டம் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் செய்யும், மீறியவரைத் தண்டிக்கவும் செய்யும். அங்கிருந்தே இரண்டு பொருள்களும் கிளைத்தன. இதைச் சொன்னால் மாணவர்களின் திகைப்பு நீங்கும். வாக்கியத்தில் அடையாளம் காண இன்னொரு குறிப்பு உண்டு. பெயர்ச்சொல்லாகப் பன்மையில் வந்து, ‘இம்போஸ்’ அல்லது ‘லிஃப்ட்’ என்ற வினையோடு சேர்ந்தால் அது தடை. வினைச்சொல்லாக, கடனையோ திட்டத்தையோ செயப்படுபொருளாகக் கொண்டு வந்தால் பெரும்பாலும் அது ஒப்புதல்.

வங்கித் தேர்வு எழுதுவோருக்கு இதே வகையில் ‘ஓவர்சைட்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கற்பியுங்கள். முன்னால் ‘ஆன்’ (an) என்ற சுட்டு வந்தால் அது கவனக்குறைவால் நேர்ந்த விடுபாடு. சுட்டு இல்லாமல், பின்னால் ‘ஆஃப்’ அல்லது ‘ஓவர்’ தொடர்ந்து வங்கியையோ துறையையோ குறித்தால் அது மேற்பார்வை.